விருதுப் பிரிவும் பனுவல் வாசிப்பும்: நிகழ்பட ஆட்ட விருதுகளில் ‘மிஸ்ஸிங்’, ‘வெண்பா’

முன்னுரை

கொல்கத்தாவில் உருவான ‘மிஸ்ஸிங்’ என்னும் நிகழ்பட ஆட்டம் 2016ஆம் ஆண்டு நாஸ்காம் ஆட்ட உருவாக்குநர் மாநாட்டில் தற்சார்புப் படைப்புக்கான விருதைப் பெற்றது. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023 சூலை 31 அன்று வெளியிட்ட ‘வெண்பா’, 2024 ஏப்ரல் 11 அன்று லண்டனில் நடைபெற்ற பாஃப்டா ஆட்ட விருது விழாவில் சிறந்த முதற்படைப்புக்கான விருதைப் பெற்றது. முன்னது வங்கத்துப் பெண் கடத்தலைப் பேசுகிறது. பின்னது புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் அடுக்களையைப் பேசுகிறது. இரண்டும் ஓரிரு மணி நேரத்தில் ஆடி முடிக்கத்தக்க சிறு படைப்புகள். இரண்டும் செய்தியாக வரவேற்கப்பட்ட அளவிற்குப் பனுவலாக வாசிக்கப்படவில்லை.

விருது ஒரு படைப்பை உயர்த்துகிறது என்பதை எவரும் மறுக்கவியலாது. ஆயினும் எந்தப் பிரிவின்கீழ் விருது வழங்கப்படுகிறதோ அந்தப் பிரிவே அப்படைப்பை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே வரையறுத்துவிடுகிறது. இதனை நிகழ்பட ஆட்டங்களுக்கான ஆண்டு விருது விழாக்களைக் கொண்டு நிறுவுவதும், ‘வெண்பா’வை அப்பிரிவுகளுக்கு வெளியே, தமிழ்ப் புலமை மரபின் கருவிகளைக் கொண்டு வாசித்துப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

கலைச்சொல் குறித்து ஒரு சொல் இவ்விடத்தே தேவைப்படுகிறது. வீடியோ கேம் என்பதனைக் கணினி விளையாட்டு, காணொளி விளையாட்டு, நிகழ்பட ஆட்டம் எனப் பலவாறு தமிழில் வழங்குவர். இக்கட்டுரை ‘நிகழ்பட ஆட்டம்’ என்பதனை ஏற்கிறது. ‘ஆட்டம்’ என்னும் சொல் கூத்தையும் விளையாட்டையும் ஒருங்கே குறிப்பது. பிற மொழிகளில் நிகழ்த்து கலையும் விளையாட்டும் ஒன்றா வேறா என்று நெடிது வாதிட்டுள்ளனர். தமிழில் அவ்வாதத்திற்குச் சொல்லே பாதி விடை தந்துவிடுகிறது. விளையாட்டை உவகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வைத்துள்ளதும், கழங்கு, அம்மானை, ஊசல் ஆகிய மகளிர் விளையாட்டுகள் பெண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்களாகவே அமைந்ததும் அறிஞர் அறிந்தவை. ஆட்டத்தை இலக்கியமாக நோக்குதல் நம் மரபிற்கு அயலானதன்று.

விழாக்களும் அவற்றின் பிரிவுகளும்

நிகழ்பட ஆட்டங்களுக்கு ஆண்டுதோறும் விருது வழங்கும் வழக்கம் நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்டது. இங்கிலாந்தின் கோல்டன் ஜாய்ஸ்டிக் விருதுகள் 1983இல் தொடங்கின. திரைப்படத்திற்கும் தொலைக்காட்சிக்கும் விருது வழங்கிவந்த பாஃப்டா, 1998 முதல் ஊடாட்டப் படைப்புகளையும் மதிக்கத் தொடங்கிப் பின்னர் 2004 முதல் ஆட்டங்களுக்கெனத் தனி விழாவை அமைத்துக்கொண்டது. அமெரிக்காவில் ஜெஃப் கீலி 2014இல் தொடங்கிய ‘தி கேம் அவார்ட்ஸ்’ இன்று மிகப் பரவலாகப் பார்க்கப்படும் விழாவாகத் திகழ்கிறது. இதன் தேர்வில் பன்னாட்டு ஊடகங்களின் நடுவர் வாக்கு 90 விழுக்காடும் பொதுமக்கள் வாக்கு 10 விழுக்காடும் மதிப்புப் பெறுகின்றன. சான் பிரான்சிஸ்கோவில் உருவாக்குநர்களின் மாநாட்டோடு இணைந்து நிகழும் தற்சார்பு ஆட்ட விழா இவற்றினின்று வேறுபட்டது. வணிகப் பெருநிறுவனங்களுக்கு வெளியே உருவானவற்றை மட்டுமே அது கருதுகிறது. இந்தியாவில் நாஸ்காம் அமைப்பின் பெயரில் தொடங்கிப் பின்னர் இந்திய ஆட்ட உருவாக்குநர் மாநாடு எனப் பெயர் மாறிய கூட்டம் பல ஆண்டுகள் ஐதராபாத்தில் கூடி, 2025 நவம்பரில் சென்னைக்கு வந்தது.

இவ்விழாக்களின் நிகழ்த்துமுறை பற்றியும் சிறிது கூறலாம். 2023 திசம்பர் 7 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நடைபெற்ற ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில், விருது பெற்றோர் அரை நிமிட அளவில் பேச்சை முடித்துக்கொள்ளுமாறு மேடையெதிர்ப் பலகை அறிவுறுத்தியது. வரவிருக்கும் ஆட்டங்களின் முன்னோட்டங்களுக்கோ நேரம் தாராளமாக ஒதுக்கப்பட்டிருந்தது. இது பரவலான கண்டனத்திற்கு உள்ளாயிற்று. விருது பெற்றவரைத் தவிர ஏனைய அனைவரும் பேசி முடிக்கும் நம் ஊர்ப் பாராட்டு விழாக்களை அறிந்தவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது. படைப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை என்பதில் இரண்டும் ஒத்தனவே.

இனிப் பிரிவுகளுக்கு வருவோம். அவ்விழாவின் 2023ஆம் ஆண்டுப் பரிந்துரைப் பட்டியல் இக்கட்டுரையின் கருதுகோளுக்கு நல்லதொரு சான்று. ‘சமூகத் தாக்கம் விளைவிக்கும் ஆட்டம்’ என்னும் பிரிவில் ஆறு படைப்புகள் இடம்பெற்றன. நியூ கலிடோனியத் தீவுப் பண்பாட்டைக் களமாகக் கொண்ட ‘சியா’, இந்தோனேசியாவின் ‘எ ஸ்பேஸ் ஃபார் தி அன்பவுண்ட்’, தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் ‘டெரா நில்’, பிரான்சின் ‘சாண்ட்ஸ் ஆஃப் சென்னார்’, கனடாவின் ‘குட்பை வால்கேனோ ஹை’ ஆகியவற்றோடு ‘வெண்பா’வும் நின்றது. ‘சியா’ பரிசு பெற்றது. ‘சிறந்த கதையாடல்’ பிரிவிலோ ‘ஆலன் வேக் 2’, ‘பால்டர்ஸ் கேட் 3’, ‘சைபர்பங்க் 2077’இன் தொடர்ச்சி, ‘ஃபைனல் ஃபேண்டசி 16’, ‘ஸ்பைடர்மேன் 2’ ஆகிய ஐந்தும் நின்றன. இவ்வைந்தும் பெருமுதலீட்டில் உருவானவை.

இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு பாகுபாடு புலனாகும். முதற்பிரிவின் அளவுகோல், சிந்தனையைத் தூண்டும் சமூக நலச் செய்தி. இரண்டாம் பிரிவின் அளவுகோல், கதையைச் சொல்லும் திறன். தீவினர், தென்கிழக்காசியர், ஆப்பிரிக்கர், புலம்பெயர்ந்த தமிழர் ஆகியோரின் படைப்புகள் என்ன சொல்கின்றன என்பதற்காக மதிக்கப்படுகின்றன. ஏனையவை எவ்வாறு சொல்கின்றன என்பதற்காக மதிக்கப்படுகின்றன. நடுவர்கள் இதனை எண்ணிச் செய்தனர் என்று கூறுவதற்கில்லை. பிரிவுகள் அவ்வாறு அமைந்துள்ளன. படைப்புகள் அவற்றுள் சென்று விழுகின்றன. ‘டெரா நில்’ பாழ்நிலத்தைப் பசுமையாக்கும் ஆட்டம். அதனைத் தாக்கப் பிரிவில் வைத்தது பொருந்தும். மொழிகளைக் குறியீடு குறியீடாகப் புரிந்துகொள்ளச் செய்யும் ‘சாண்ட்ஸ் ஆஃப் சென்னார்’ அப்பிரிவில் நிற்பதற்கு, அதன் வடிவ நுட்பத்தை விடுத்து, மக்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டும் என்னும் செய்தியை மட்டும் பிரித்தெடுக்க வேண்டியுள்ளது. ‘வெண்பா’வுக்கும் அதுவே நேர்ந்தது.

முதற்படைப்புப் பிரிவும் இத்தகையதே. புனேயின் நோடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’ அவ்வாண்டு இதே விழாவில் முதற்படைப்புப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. 2023இல் ‘வெண்பா’வும் அவ்வாறே. இப்பிரிவு ஊக்கம் தருவது என்பது உண்மை. எனினும் வருகையைக் குறிக்கும் பிரிவே தவிரக் கலையின் எந்தக் கூற்றையும் அது குறிப்பதில்லை. புதியவர் வந்துள்ளார் என்று அறிவித்துவிட்டு, அவர் என்ன கொணர்ந்தார் என்று கேளாமல் விடுவதற்கு அது இடமளிக்கிறது.

அரங்கேற்று காதை காட்டும் அளவுகோல்

கலைக்கு விருதளிக்கும் நிகழ்வைத் தமிழில் விரிவாகப் பதிவு செய்த பழம்பனுவல் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை. மாதவி சோழ மன்னன்முன் ஆடித் தலைக்கோலும், பச்சை மாலையும், 1008 கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். பரிசு இறுதியில் சில அடிகளிலேயே முடிந்துவிடுகிறது. அக்காதையின் பெரும்பகுதி வேறொன்றைப் பேசுகிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் புனையும் கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர் ஒவ்வொருவரும் பெற்றிருக்க வேண்டிய புலமை தனித்தனியே வரையறுக்கப்படுகிறது. அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அளவும், திரைகளின் வகையும், தூண்களின் நிழல் ஆடுகளத்தில் விழாதவாறு விளக்கு அமைக்கும் முறையும் கூறப்படுகின்றன.

மாதவி எக்குலத்தாள், அவள் ஆடல் எந்த அறத்தைப் போதித்தது என்பன பரிசுக்குரிய காரணங்களாகக் கூறப்படவில்லை. அவள் குலம் காதையில் சொல்லப்படுகிறது. ஆனால் தலைக்கோல் பெற்றது நாட்டிய நூல் முறை வழுவாது ஆடியமைக்காக. ஒரு படைப்பை உறுப்பு உறுப்பாகப் பகுத்து, ஒவ்வோர் உறுப்பையும் அதற்குரிய இலக்கணத்தோடு ஒப்பிட்டு மதிப்பிடும் இம்முறையை இன்றைய ஆட்ட விருதுகளின் இசை, ஓவியம், நடிப்பு, வடிவமைப்பு முதலிய பிரிவுகளோடு ஒப்பவைத்து நோக்கலாம். அவ்விழாக்களில் நம் மண்ணின் படைப்புகள் பெரும்பாலும் சென்று சேராத பிரிவுகளும் இவையே. இங்கே குறை பிரிவுகளுடையது மட்டுமன்று. ஓர் ஆட்டத்தின் உறுப்புகளைத் தமிழில் எடுத்துக்கூறும் விமர்சனம் இல்லாத நிலையில், ‘தமிழ்க் குடும்பக் கதை’ என்னும் ஒற்றை விளக்கமே உலகத்தார்க்கும் நமக்கும் எஞ்சுகிறது.

கொல்கத்தாவின் ‘மிஸ்ஸிங்’

ஒளிப்படக் கலைஞர் லீனா கெஜ்ரிவால் கொல்கத்தாவில் முன்னெடுத்த ‘மிஸ்ஸிங்’ ஒரு பொதுவெளிக் கலைத் திட்டமாகத் தொடங்கியது. நகரச் சுவர்களிலும் திறந்த வெளிகளிலும் சிறுமியரின் கரிய நிழலுருவங்களை நிறுவுதல் அதன் முதல் வடிவம். முகமோ உடையோ அற்ற அந்த நிழலுரு, வானத்தில் வெட்டியெடுத்த ஓட்டையைப் போல் தோன்றும். காணாமற்போனவளை, அவள் இல்லாத இடத்தின் வடிவத்தைக் கொண்டே காட்டுதல் அதன் உத்தி. 2016இல் கொல்கத்தாவின் ஃப்ளையிங் ரோபோட் ஸ்டுடியோஸ் நிறுவனத்து சத்யஜித் சக்ரவர்த்தியின் வடிவமைப்பில் அது கைப்பேசி ஆட்டமாயிற்று. கடத்தப்பட்டுப் பாலியல் தொழிலுக்குள் தள்ளப்பட்ட பெண்ணின் இடத்தில் ஆடுநர் நிற்கிறார். அங்கிருந்து தப்ப முயல வேண்டும்.

இப்படைப்பு பற்றிய பேச்சு பெரிதும் விழிப்புணர்வு என்னும் சொல்லோடு நின்றுவிடுகிறது. அது நியாயமானதே, படைத்தவர்களின் நோக்கமும் அதுவே. ஆயின் விமர்சகன் வினவ வேண்டியது வேறு. துண்டறிக்கையோ ஆவணப்படமோ செய்யவியலாத எதனை இந்த ஆட்டம் செய்கிறது? ஆட்டம் என்னும் வடிவத்தின் உயிர்நாடி தேர்வு. இதைச் செய்யலாம், அதைச் செய்யலாம் என்று ஆடுநர்க்கு வழிகள் காட்டப்படுகின்றன. பிற ஆட்டங்களில் தேர்வு ஆடுநரின் ஆற்றலைப் பெருக்கும். ‘மிஸ்ஸிங்’கில் தேர்வு வழங்கப்படுவதே அது எத்துணைச் சுருங்கியது என்பதைக் காட்டுவதற்காக. பிறர் வகுத்த வழிகளுக்குள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் விடுதலையாகாது என்பதை ஆடுநர் தன் விரலால் உணர்கிறார். நிழலுருவில் வெற்றிடமாக இருந்தது ஆட்டத்தில் தேர்வின்மையாக வடிவம் பெற்றுள்ளது. இந்திய மாநாடு இதனைச் சமூகப் பணியாகக் கருதாமல் தற்சார்பு ஆட்டமாகவே கருதி விருதளித்தமை இவ்வகையில் பாராட்டத்தக்கது. அதற்குரிய விமர்சனத்தை எழுதியிருக்க வேண்டியவர்கள் விருதுக் குழுவினர் அல்லர்.

கொல்கத்தாவில் இத்துறை ஆய்வு முற்றிலும் இல்லாமற் போகவில்லை. யாதவ்பூரில் பயின்று, பிரசிடென்சி பல்கலைக்கழகத்தில் கற்பித்த சௌவிக் முகர்ஜி 2015இல் நிகழ்பட ஆட்டத்தையும் கதைசொல்லலையும் ஒருங்கே ஆராயும் நூலையும், 2017இல் ஆட்டங்களைப் பின்காலனிய நோக்கில் அணுகும் நூலையும் வெளியிட்டுள்ளார். ஆட்டத்தை நூலைப் போல வாசித்தலும் நூலை ஆட்டத்தைப் போல ஆடுதலும் அவர் ஆய்வின் அடிப்படை. நம் பரமபதத்தின் உறவான ஞான சௌபரையும் அவர் ஆராய்ந்துள்ளார். வினை, பிறவி, வீடுபேறு ஆகியவற்றை ஏணியும் பாம்புமாக வரைந்த பலகையைத் தத்துவப் பனுவலாக வாசிக்க இயலுமெனில், திரையில் ஆடப்படுவதையும் அவ்வாறு வாசிக்க இயலும்.

‘வெண்பா’: பெயரும் யாப்பும்

அபி என்னும் தமிழரின் இயக்கத்தில் உருவான இவ்வாட்டம், 1980களில் கனடாவில் குடியேறிய குடும்பமொன்றைப் பற்றியது. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். பாவலனும் வெண்பாவும் இணையர் என்பது தமிழறிந்தார்க்குப் புன்முறுவல் தருவது. அயல்நாட்டு மதிப்புரைகளில் ‘வெண்பா’ ஒரு பெண்ணின் பெயராக மட்டுமே நிற்கிறது. யாப்பறிந்த வாசகன் அப்பெயரை அவ்வாறு கடந்துவிட இயலாது.

நால்வகைப் பாக்களுள் மிகக் கட்டுப்பாடு உடையது வெண்பா. வெண்டளையன்றிப் பிற தளை விரவுதல் கூடாது. ஈற்றடி முச்சீராய் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடிதல் வேண்டும். தளை என்பது ஒரு சீரின்பின் எது வரலாம், எது வரலாகாது என்னும் ஒழுங்கு. இவ்வாட்டத்தின் மையச் செயலும் அத்தகைய ஒழுங்கே. ஆடுநர் செய்ய வேண்டியது சமைத்தல். சமையலில் அவர் தீர்க்க வேண்டியது எதன்பின் எது என்னும் வினா. இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி மேலேறும், புட்டு வேகுமாறு மாவையும் தேங்காயையும் எவ்வாறு இடுவது, பிரியாணியில் எப்பொருளை எப்போது சேர்ப்பது என்பனவே இவ்வாட்டத்தின் புதிர்கள். வரிசை பிழைத்தால் உணவு பிழைக்கிறது, தளை தட்டினால் பா பிழைப்பது போல. படைத்தவர்கள் இதனைக் கருதிப் பெயரிட்டனரா என்பது இங்கு முதன்மையன்று. பெயர் அங்கே நிற்கிறது. வடிவம் அதற்கு ஒத்திருக்கிறது. வாசிப்பிற்கு அது போதும்.

சிதைந்த குறிப்பேடும் பதிப்புப் பணியும்

வெண்பா தன் தாயிடமிருந்து பெற்றுவந்த சமையற்குறிப்பேடு பழுதடைந்தது. சில இடங்கள் கிழிந்தும் சில இடங்கள் மங்கியும் போயுள்ளன. எஞ்சிய சொற்களையும் படங்களையும் கொண்டு விடுபட்ட படிநிலையை ஊகித்துச் சமைக்க வேண்டும். மதிப்புரையாளர் பலர் இதனை நினைவு, தாயன்பு, பண்பாட்டு இழப்பு ஆகியவற்றின் குறியீடாகக் கண்டனர். தவறில்லை. ஆனால் தமிழ்த்துறையில் பயின்ற ஒருவர் இதனைக் கண்டவுடன் அறிந்துகொள்வது வேறொன்று. இது பதிப்பாசிரியரின் வேலை.

சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் மேசையில் இருந்தவை இத்தகைய பனுவல்களே. செல்லரித்த ஏடு, ஒடிந்த ஓரம், இடையே காணாமற்போன சொல். புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் இன்றுவரை கிடைத்தில. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் அவ்வாறே. சிதைந்த இடத்தில் எது இருந்திருக்கலாம் என்று ஊகிக்கப் பதிப்பாசிரியர்க்கு உதவியவை பொருள், இலக்கணம், பிற நூல் மேற்கோள், இவற்றோடு யாப்பு. எதுகையும் தளையும் விடுபட்ட சீரின் உருவத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கும். கட்டுப்பாடு மிகுந்த பாவில் இந்த உதவி கூடுதல். ஆகவே ‘வெண்பா’ என்னும் பெயருடைய ஆட்டம், சிதைந்த ஏட்டை ஒழுங்கின் துணைகொண்டு நிரப்பும் செயலை மையமாகக் கொண்டிருப்பது, தமிழ்ப் புலமை வரலாற்றின் நெடியதொரு உழைப்பை அடுக்களைக்குள் கொண்டு வந்து ஆடுநரின் கையில் தருவதாகும். சுவடிப் பதிப்பு பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்க்கு இதனினும் தெளிவான செய்முறை கிடைத்தல் அரிது.

பிற்பகுதியில் வளர்ந்த மகன் கவினே சமைக்க முற்படுகிறான். தாய்க்கு எளிதாக விளங்கிய குறிப்பேடு அவனுக்கு எளிதாக இல்லை. ஏடு அதே ஏடுதான். வாசகனின் மொழியறிவே சிதைந்துள்ளது. முதற்பகுதியில் இடைவெளி தாளில் இருந்தது, இப்பகுதியில் அது வாசிப்பவனுக்குள் இருக்கிறது. எழுத்து அழியாமல் இருந்தும் படிப்பார் இன்மையால் நூல் அழிவதைச் சுவடிக் காப்பகங்களில் பணியாற்றுவோர் நன்கறிவர். இவ்விடமே ஆட்டத்தின் உச்சம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. தந்தையின் மறைவு பற்றிய பகுதி பலரை நெகிழ்விப்பதாயினும், கதைமரபில் பழகிய நெகிழ்ச்சி அது. கவினின் தடுமாற்றமோ இவ்வடிவத்தில் மட்டுமே நிகழக்கூடியது. அவன் தடுமாறுவதை நாம் காண்பதில்லை. அவனாக நின்று நாமே தடுமாறுகிறோம்.

இனிக் குறைபாட்டையும் கூறுதல் வேண்டும். உ.வே.சா. நிரப்பவியலாத இடங்களில் புள்ளியிட்டு விட்டார். ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்கள் கிடைத்தபோது ஒன்றை மேலே வைத்து, ஏனையவற்றை அடிக்குறிப்பில் தந்தார். ‘வெண்பா’வில் புள்ளியும் இல்லை, பாடவேறுபாடும் இல்லை. ஒவ்வோர் இடைவெளிக்கும் சரியான விடை ஒன்றே. பிழைத்தால் மீண்டும் தொடங்கலாம், இழப்பு ஏதுமில்லை. இட்லிக்கும் புட்டுக்கும் ஊருக்கொரு பாடம், வீட்டுக்கொரு பாடம் உண்டு. பாட்டியின் கைப்பக்குவத்தை அறிய வழியின்றி மகள் தன் போக்கில் நிரப்பிக்கொண்ட பாடங்களால் ஆனதே புலம்பெயர்ந்தோர் சமையல் வரலாறு. மீட்கவே முடியாத ஒரு குறிப்பை இவ்வாட்டம் வைத்திருக்குமானால், அல்லது இருவேறு விடைகளை ஏற்று இரண்டையும் உணவாக்கியிருக்குமானால், இழப்பு என்பது கதையில் மட்டும் நில்லாது ஆட்டத்திலும் நேர்ந்திருக்கும். இழப்பைப் பேசும் படைப்பு ஆடுநரை எதையும் இழக்க விடவில்லை. உரையாடல்களில் தரப்படும் தேர்வுகளும் கதைப்போக்கைப் பெரிதும் மாற்றுவதில்லை. ‘மிஸ்ஸிங்’கில் தேர்வின் சுருக்கமே பொருளாயிற்று, இங்கு அது வெறும் சுருக்கமாகவே நின்றுவிடுகிறது.

இக்குறையைத் தாக்கப் பிரிவின் அளவுகோல் காணவியலாது. செய்தி நல்லதாயின் அங்கே வினா முடிந்துவிடும். வடிவத்தை வினவும்போதே இப்படைப்பின் பெருமையும் குறையும் ஒருசேரப் புலனாகின்றன.

ஒரு தடை

இவ்வாதத்திற்கு ஒரு தடை எழுப்பலாம். 2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் தற்சார்பு ஆட்ட விழா தன் தலைமைப் பரிசாகிய சூமஸ் மெக்நாலி பெரும்பரிசை ‘வெண்பா’வுக்கே வழங்கியது. அது வருகைக்கான பரிசுமன்று, செய்திக்கான பரிசுமன்று, முழுமைக்கான பரிசு. அங்ஙனமாயின் பிரிவுகள் படைப்பைச் சிறைப்படுத்துகின்றன என்பது எவ்வாறு பொருந்தும்?

தடை வலியதே. உருவாக்குநர்களின் நடுவே நிகழும் தேர்வு, ஊடகத்தாரின் தேர்வினும் வடிவத்தைக் கூர்ந்து நோக்கியிருக்கக்கூடும். ஆயினும் தமிழுலகில் அதிகம் கொண்டாடப்பட்டது எது என்று நோக்கின், பாஃப்டா என்னும் பெயரே முன்நிற்கிறது. திரைப்பட விருதால் அப்பெயர் நமக்குப் பழகியிருப்பது காரணமாகலாம். கலையளவில் கனமான பரிசு கவனிக்கப்படாமலும், பெயரளவில் பழகிய பரிசு கொண்டாடப்பட்டும் போனமை, நாம் விருதை எவ்வாறு வாசிக்கிறோம் என்பதைக் காட்டுகிறது. எந்தப் பரிசானாலும் அது ஒரு தீர்ப்பு. தீர்ப்புக்கான காரணங்களை அது விரித்துரைப்பதில்லை. அரங்கேற்று காதை தந்தது போன்ற காரணங்களை வேறெவரோ எழுதியாக வேண்டும். வெண்டளையையும் ஏட்டுச் சிதைவையும் அறியாத நடுவர் அவற்றை எழுதவியலாது.

பாதுகாப்பு

இதனோடு தொடர்புடைய நடைமுறைச் சிக்கலொன்றும் உண்டு. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா அலிப்பூரின் பெல்வெதேர் மாளிகையை அடுத்துள்ள தேசிய நூலகத்தையும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களையும் சென்று சேர வேண்டும். அதனால் பெயரறியாத் தமிழ்ச் சிற்றிதழ்க் கவிஞரின் தொகுப்பும் கொல்கத்தாவில் தேடினால் கிடைக்கும் வாய்ப்புண்டு. 1956இல் செய்தித்தாள்களும் இச்சட்டத்துள் கொண்டுவரப்பட்டன. நிகழ்பட ஆட்டங்கள் அதன் வரம்பில் இல்லை. ஆகவே அதே நகரில் உருவான ‘மிஸ்ஸிங்’கை அந்நூலகம் பெற்றாக வேண்டும் என்னும் கடப்பாடு இல்லை. டொராண்டோவில் வெளியான ‘வெண்பா’வுக்கோ இந்தியச் சட்டத்தின் நூல் விதியும் பொருந்தாது.

ஆட்டங்கள் ஏட்டினும் விரைந்து அழிவன. கருவியின் இயங்குதளம் மாறும்போது பழைய ஆட்டம் திறவாது போகிறது. விற்பனைத் தளத்திலிருந்து நீக்கப்பட்டால் புதிய ஆடுநர்க்கு வழியில்லை. அந்நிலையில் எஞ்சுவது விருதுப் பட்டியல்: ஆண்டு, பெயர், பிரிவு. பெயரளவில் மட்டும் நாமறிந்த பழந்தமிழ் நூல்கள் எத்தனை என்பதை இலக்கிய வரலாறு கற்பிப்போர் அறிவர். வளையாபதியின் செய்யுட்கள் சில இன்று நமக்குக் கிடைப்பது புறத்திரட்டைத் தொகுத்தவரும் உரையாசிரியர்களும் அவற்றை எடுத்தாண்டமையால். உரையாசிரியர் ஒரு செய்யுளை மேற்கோளாக எழுதியபோது நூலைக் காக்கும் எண்ணம் அவருக்கு இருந்திருக்க வேண்டியதில்லை. தம் முன்னுள்ள இலக்கண விதியை விளக்க அவருக்கு அச்செய்யுள் தேவைப்பட்டது. ‘வெண்பா’வின் குறிப்பேட்டில் எந்த வரி சிதைந்திருந்தது, ஆடுநர் அதனை எவ்வாறு நிரப்பினார், கவினுக்கு எச்சொல் விளங்காமற் போயிற்று என்பனவற்றை இன்று ஆடிக் காணவியலும். அத்தியாயம் அத்தியாயமாக அவற்றைக் குறித்து ஒரு விளக்கவுரை எழுதுதல் முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டிற்குப் போதிய பொருளாகும்.